உப்பளத்தில் நின்ற ஒட்டகம்

9 ஜனவரி 2005, ஞாயிறு

பனி. விடிந்த பிறகும் ஈசிஆரில் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு. பூசைக்குப் போகவில்லை. போன வாரமும் போகவில்லை.

பாண்டி விலங்குக் காப்பகத்தில் காலை வேலை. இகுவானாவுக்கு முருங்கைக்கீரை. சுனாமிக்குப் பயந்து ஊரைப் பார்க்கக் கிளம்பிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று அதை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனது. சாப்பிட மாட்டேன் என்கிறது. கிளிக்கூண்டு கழுவல். டெட்டால் தீர்ந்துவிட்டது.

கூனிமேட்டிலிருந்து ஹபீப் பாய் போன். மளிகைக் கடையும் எஸ்டிடி பூத்தும் வைத்திருப்பவர். அவர் குடோனில் ஒருமுறை நல்லபாம்பு பிடித்ததிலிருந்து பழக்கம்.

"ஸ்டெல்லாம்மா, உங்க ஊரு உப்பளத்துல ஒட்டகம் ஒண்ணு நிக்குதாம். நம்ம மங்கிலாலோடதுதான். ஆளத்தான் காணோம்."

மங்கிலாலைப் பாண்டி பீச்சில் பார்த்திருக்கிறேன். ராஜஸ்தான்காரர், சிவப்புத் தலைப்பாகை, குழந்தைகளை ஏற்றி நடத்துவார். கிறிஸ்துமஸ் லீவுக் கூட்டத்துக்காகக் கூனிமேட்டுப் பக்கம் வந்திருந்தாராம். கடல் உள்ளே வந்த ஞாயிறு காலையில் கரையில் அவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை.

மதியம் காப்பக வேனில் எங்கள் ஊர் மரக்காணம். உப்பளம் முழுக்கச் சேறு. நடு வரப்பில் ஒட்டகம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கண்ணாடி வைத்துத் தைத்த சேணத்துணி கிழிந்து வயிற்றுக்குக் கீழே தொங்குகிறது. இரண்டு வாரமாக உப்பு மண்ணில் முளைக்கும் உமிரிச் செடியைத் தின்றே உயிரோடு இருந்திருக்கிறது. பின்னங்காலில் முட்டிக்குக் கீழே ஆழமான வெட்டு. தகரம் கிழித்திருக்கும். புழு.

கிட்டே போனேன். ஓடவில்லை. என் தோளில் மூச்சு விட்டது.

10 ஜனவரி, திங்கள்

அந்தோணியிடம் கேட்டு உப்புக் கொட்டகை ஒன்றைக் காலி செய்ய வைத்தேன். அவர் என் வீட்டுக்காரர், உப்பளத்தில் மேஸ்திரி. முதலாளி தை பிறந்ததும் பாத்தி கட்ட ஆரம்பிப்பாராம், உப்பு வாருவதற்குள் இடத்தை விட வேண்டுமாம்.

"குப்பத்துல ஜனங்க தார்ப்பாய்க்கு அடில கெடக்குறாங்க. நீ ஒட்டகத்துக்குக் கொட்டாய் கேக்கற. நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு போய்க் கேட்டேன் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே கேட்ட பாரு." கேட்டு வாங்கியும் கொடுத்துவிட்டார்.

கொட்டகைக்கு நடத்திக்கொண்டு வரவே அரை நாள். புண்ணைக் கழுவி, டர்பன்டைன் விட்டு, புழு எடுத்தேன். உதைக்கும் என்று பயம். உதைக்கவில்லை, முனகல் மட்டும். பாம்பு, குரங்கு, மலைப்பாம்பு, ஆமை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒட்டகம் இதுதான் முதல். அதன் பேர்கூடத் தெரியாது.

12 ஜனவரி, புதன்

மேகமூட்டம். டாக்டர் குணசேகரன் பாண்டியிலிருந்து வந்தார். காப்பகத்துக்கு வழக்கமாக வருபவர். ஆன்டிபயாடிக், ட்ரிப்ஸ். மூட்டுக்குள் சீழ் இறங்கியிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

தண்ணீர் டிரம்மை வேனிலிருந்து இறக்கும்போது ரோட்டோரம் குடத்தோடு ஒரு அம்மா. குப்பத்துக்காரர். மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று பிறகு அந்தோணி சொன்னார்.

"இது யாருக்கும்மா தண்ணி?"

சொன்னேன்.

"டாக்டர் கூட வந்தாராமே."

"ஆமாங்க."

"எம் புள்ளையத் தேட ஒருத்தரும் வர்ல." கோபமாகக் கூடச் சொல்லவில்லை. மணி பத்து என்று சொல்வது மாதிரி சொன்னார்.

அவர் குடத்தை நிரப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

வாங்க வேண்டியவை: வேப்பெண்ணெய், பஞ்சு, வெல்லம், அந்தோணிக்கு இருமல் மருந்து.

14 ஜனவரி, வெள்ளி. பொங்கல்

எங்கள் தெருவில் கோலம் போட்டவர்கள் குறைவு. வானொலியில் மட்டும் பொங்கல்.

காலையில் ஒட்டகம் உட்கார்ந்தது. பிறகு எழவில்லை. நாலு ஆள் சேர்ந்து கயிறு போட்டுத் தூக்கிப் பார்த்தோம். பின்னங்கால் மடிந்துகொள்கிறது.

மாலை ஹபீப் பாய் போன். கூனிமேட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் மங்கிலால் அவர் பூத்திலிருந்துதான் வீட்டுக்குப் பேசுவாராம். அந்த நம்பர் அவர்கள் ஊர் டீக்கடையுடையது. பல நாள் முயன்று இன்று லைன் கிடைத்திருக்கிறது. பாய்க்கு உருது, அங்கே மார்வாடி. எப்படியோ புரிந்துகொண்டார்கள்.

"சம்சாரம் கெளம்பி வர்றாங்களாம்மா. அவங்க அண்ணனும் கூட. ரயிலு. புதன்கெழமை ஆயிடும்."

"அவரு இல்லன்னு சொல்லிட்டீங்களா பாய்?"

"ஒட்டகம் உயிரோட இருக்குதுன்னு சொன்னேன்."

15 ஜனவரி, சனி

மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வண்ணம் பூசிய மாடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன்.

"எலும்பு வரைக்கும் போயிடுச்சு ஸ்டெல்லா. இனிமே எழுந்திருக்காது. ஊசி போட்டுடலாம்."

"அவங்க வீட்டம்மா ரயில்ல வந்துட்டு இருக்காங்க டாக்டர்."

"அதுக்காக இத வாட்டறதா?"

"புதன் வரைக்கும் வலிக்கு எதுனா குடுங்க."

"குடுக்கறேன். ஆனா வலி அதுக்கு. உங்களுக்கு இல்ல."

அவர் சொன்னது சரி. நானே எத்தனையோ குரங்குக்கும் நாய்க்கும் 'இழுக்காதீங்க, முடிச்சிடுங்க' என்று சொன்னவள். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான். இப்போது மட்டும் ஏன் வாய் வரவில்லை?

17 ஜனவரி, திங்கள்

காற்று. ஒரே பக்கமாகப் படுத்தால் தோல் பிய்ந்துவிடும். சாக்கில் மணல் நிரப்பி முட்டுக் கொடுத்து, நாளுக்கு மூன்று முறை புரட்டுகிறோம். அந்தோணியும் இரண்டு உப்பளத்து ஆட்களும் சேர்ந்து. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் கத்துகிறது. கத்தல் என்று சொல்லக்கூடாது. வண்டிச் சக்கரம் அரைபடும் சத்தம்.

அந்தோணி கையைக் கழுவிக்கொண்டே: "யாருக்காக இத வாட்டற, சொல்லு. அந்தப் பொம்பளைக்கா, உனக்கா?"

சோறு இறங்கவில்லை. இகுவானா சாப்பிட ஆரம்பித்துவிட்டது என்று காப்பகத்திலிருந்து செய்தி. சந்தோஷப்பட வேண்டும்.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடு கூட உடையவில்லை. தெருவில் நடக்கும்போது அதுவே கூச்சமாக இருக்கிறது.

19 ஜனவரி, புதன்

வந்துவிட்டார்கள். ஜம்னா. என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, முகத்தை மூடிய மெல்லிய முக்காடு. நெற்றியில் பொட்டு, கையில் முழங்கை வரை வளையல். அண்ணன் வாய் திறக்காத ஆள். ஹபீப் பாய் மொழிபெயர்க்க.

ரயில் களைப்பு, டீ கூடக் குடிக்கவில்லை. நேராகக் கொட்டகை.

ஜம்னா வாசலில் நின்று, "மோத்தி" என்றார். முத்து என்று அர்த்தமாம். அதுதான் பேர்.

ஐந்து நாளாகத் தலையைத் தரையில் போட்டிருந்த ஒட்டகம் கழுத்தைத் தூக்கியது. அவர் ஏதோ ஒரு சொல் சொன்னார், அதட்டுகிற மாதிரி. எழுந்திரு என்று. அது முன்னங்காலை ஊன்றியது. நிஜமாகவே எழப் பார்த்தது. முட்டி வரை வந்து, உடம்பெல்லாம் நடுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் தாங்கப் போய் அதன் கழுத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். அவர் ஓடி வந்து நெற்றியில் கை வைத்து வேறு ஒரு சத்தம் கொடுத்தார், நாக்கை மேலண்ணத்தில் தட்டி. போதும், உட்கார் என்று. அடங்கியது.

பிறகு கேட்டார். பாய் சொன்னார்: "இது எந்த எடத்துல நின்னுச்சுன்னு கேக்கறாங்கம்மா. அவர உட்டுட்டு இது எங்கயும் போவாதாம். இது நின்ன எடத்துக்குப் பக்கத்துலதான் அவரு இருப்பாராம்."

காட்டினேன். வேறு என்ன செய்வது? வெயில் இறங்கும் வரை வரப்பு வரப்பாக நடந்தார். சவுக்குத் தோப்புக்குள் போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணன் கால்வாய் ஓரமாக. நான் இரண்டடி பின்னால். உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சேற்றில் வழுக்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

20 ஜனவரி, வியாழன்

விடிந்ததும் ஜம்னா மறுபடி உப்பளத்தைச் சுற்றி வந்தார். பிறகு தானாகவே கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதைப் பாய் மெல்லச் சொன்னார். தலையாட்டினார்.

வெல்லத்தைக் கையில் உடைத்து ஊட்டினார். பாதி உதட்டோரம் வழிந்தது. கயிறு கட்ட அதன் மூக்கில் குத்தியிருந்த மரக்கட்டையைக் கழற்றினார், வலிக்காமல், திருகி. அது மங்கிலால் செதுக்கியதாம். காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் ஊசி போட்டார். கழுத்து ஜம்னா மடியில் கனத்தது. முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளையல்களை அங்கேயே கழற்றிவிட்டார். உடைக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கழற்றி அண்ணன் துண்டில் வைத்தார். அண்ணன் அப்போதுதான் அழுதார்.

குழிக்கு ஜேசிபி. ஓட்டுநர் இளைத்துப்போன ஆள். "கடலூர் பக்கம் தோண்டிட்டு வர்றேம்மா. அங்க யாரு எவருன்னு தெரியாமயே மூடினோம். இதுக்காவது பேர் இருக்குது."

உப்பு கொட்டி மூடினோம். அந்தோணியே இரண்டு மூட்டை சுமந்து வந்தார். முதலாளியிடம் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

22 ஜனவரி, சனி

வெயில். நேற்று பக்ரீத், பாய் கடை திறக்கவில்லை. ஆனால் பாய் வீட்டில் ஜம்னாவுக்கும் அண்ணனுக்கும் சைவம் என்று தனிப் பாத்திரத்தில் ரொட்டியும் பருப்பும் செய்து அனுப்பியிருந்தார்கள். சாப்பிட்டார்களாம்.

இன்று சென்னைக்கு பஸ், அங்கிருந்து ரயில். கூனிமேட்டு ஸ்டாப்பிங்கில் நாலு பேரும் நின்றோம். சொல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை. பாயிடம் சொன்னேன்: டாக்டர் சனிக்கிழமையே முடிக்கச் சொன்னார், நான்தான் விடவில்லை, நீங்கள் வரும்வரை அது வலியோடு கிடந்தது, அது என்னால், மன்னிக்கச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் சொல்லணுமாம்மா?"

"சொல்லுங்க பாய்."

சொன்னார். ஜம்னா முக்காட்டை விலக்கி என்னைப் பார்த்தார். நாலு நாளில் முதல் தடவையாக முழு முகம். மெதுவாக, நீளமாகப் பேசினார். பாய் சொன்னார்:

"நீங்க இத உசுரோட வெச்சிருந்ததாலதான் ஒரு சாவையாவது கண்ணால பாத்தேங்கறாங்க. இல்லன்னா ஊருக்குப் போயி வாசல்லயே உக்காந்துக்கினு இருப்பாங்களாம்."

ஜம்னாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பதில் இன்னாம்மா சொல்லட்டும்?"

சென்னை பஸ் வந்துவிட்டது. நிற்கத்தான் இடம்.