தூக்கக் கூடாதவை

ஜூன் 12, வியாழன்

வெயில். காற்று ஓயவில்லை. கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் வீடு. ஆட்டோவில். பசறை ரோட்டு வளைவு ஒவ்வொன்றும் தையலில் தெரிந்தது.

எட்டு வருடத்துக்கு முன் வெட்டிக் கட்டிய விந்துக் குழாயை முந்தாநாள் திரும்பச் சேர்த்தார்கள். மூன்று மணி நேரம். பூதக்கண்ணாடி வைத்து, தலைமயிரைவிட மெல்லிய நூலில் தைத்தார்களாம்.

டாக்டர் சிங்களத்தில் சொல்ல, நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னது. மறந்துவிடாமல் இருக்க:

– நாலு கிழமை, ஒரு மாதம், பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம்கூட.
– இறுக்கமான உள்ளாடை. தூங்கும்போதும்.
– ரெஜினாவோடு சேர்வதும் நாலு கிழமை கழித்துத்தான்.
– மூன்று மாதத்தில் விந்துப் பரிசோதனை. அதுவரை ஒன்றும் தெரியாது.
– குழாய் திறந்தாலும் பிள்ளை நிச்சயமில்லை. வருடம் கூடக் கூட வாய்ப்புக் குறையும். எட்டு வருடம் பரவாயில்லையாம். ரெ.க்கு வயது 36, அதையும் பார்க்க வேண்டுமாம்.

“ஒங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?” என்றாள் மிஸ்ஸி. எனக்கு ஒன்றுமில்லை. எல்லாம் ரெ.தான் கேட்டாள்.

சோப்பு முடிந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டிலும் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறோம். எட்டு வருடத்துக்கு முன் ரெ.க்கு ரத்தம் குறைவு, இன்னொரு பிரசவம் தாங்காது என்றார்கள். அவளுக்குப் பதிலாக நான் போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். தேயிலை பேக்டரியில் ஒரு மாதம் கேலி. “காளைக்குக் காயடிச்சாச்சுடோய்.” இதைச் சொன்னால் இன்னொரு மாதம். (ரெ.க்கு இப்போது ரத்தம் சரி. பார்த்தாயிற்று.)

ஒரே சுவருக்கு அந்தப்பக்கம், பக்கத்துக் காம்பரா அந்தோணி மாமா வாசலில் நின்று சத்தம் போட்டார். “என்னடா சேவியரு, காய்ச்சக்காரன் கால அகட்டி நடக்குற?” சிரித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு இருமல் கூடியிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

நான் கோயிலுக்குப் போகவில்லை. ரெ. மட்டும்.

பெட்டியைத் திறந்தால் ஜூடின் சட்டைதான் மேலே. குளவி கொட்டி மகன் போய் இரண்டு வருடம். ஏழு வயது. அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை.

ரெ.க்குப் பிள்ளை வேண்டும். எனக்கு? சரி என்றேன். ஆபரேஷனுக்குச் சரி. கையெழுத்துக்குச் சரி. மூத்தவள் ஸ்டெல்லா கொழும்பிலிருந்து போன் பண்ணி, “நல்லா இருக்கீங்களா அப்பா?” என்றாள். அதற்கும் சரி.

ஜூன் 18, புதன்

விடியக்காலை அந்தோணி மாமா போய்விட்டார். நெஞ்சு. மாமியின் சத்தம் சுவர் வழியே கேட்டுத்தான் எழுந்தோம். நாளை மூன்று மணிக்கு அடக்கம்.

தோட்டத் தலைவர் வந்தார். சவப்பெட்டி தூக்க ஆறு பேர். “முன்னால எடப்பக்கம் நீதான் சேவியரு. ஒன்னயக் கேக்கவே வேணாம்.”

கேட்க வேண்டாம்தான். அன்றைக்கு ஜூடின் பெட்டி சின்னது. ஆறு பேர் பிடிக்க இடமில்லை. எனக்குக் கை வரவில்லை. மாமா ஒருத்தராக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கல்லறை மேடு ஏறினார். வழியில் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

ரெ.: “காய்ச்சல்னு சொல்லிருங்க.”
“எட்டு நாளாவா?”
“அப்ப உள்ளதச் சொல்லுங்க.”
“எழவு வீட்டுலயா?”

பிளேன்டி ஆறிப்போனது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

தூக்கினேன்.

வாசலிலிருந்து தண்ணீர்ப் பீலி வரைதான். அங்கே அடிவயிற்றில் சுள்ளென்று இழுத்தது. கால் நின்றுவிட்டது. பெட்டி சாய்ந்தது. பின்னாலிருந்து “டேய், டேய்!” தலைவர் ஓடி வந்து தோள் கொடுத்தார். நான் பீலிக்கல்லில் உட்கார்ந்தேன். எல்லோரும் தாண்டிப் போனார்கள். ரெ. மட்டும் நின்றாள். கை கொடுக்கவில்லை.

வீட்டில் வந்து பார்த்தால் வீக்கம். நீலம் பாரித்திருக்கிறது.

ரெ. அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “மாமாவுக்காகத் தூக்குனீங்களா, இல்ல புள்ள வேணாம்னு தூக்குனீங்களா?”

தெரிந்தால்தானே சொல்ல.

ஜூன் 20, வெள்ளி

பதுளை. பஸ்ஸில் ரெ. இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, தானாகக் கரையும். வெளித்தையல் நிற்கிறது. உள்தையல்? கையை விரித்தார். மூன்று மாதம் போகட்டும்.

மிஸ்ஸி: “எத்தன தடவ சொன்னோம்? அப்புடி என்னத்தத் தூக்குனீங்க?”

“எழவு வீடு மிஸ்ஸி. தூக்காம இருக்க முடியாது” என்றாள் ரெ. என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்காகச் சொன்னாள்.

ஜூன் 21, சனி

காற்று நின்றுவிட்டது. தகரம் சும்மா கிடக்கிறது. சோறு, பருப்பு, கருவாடு. தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

அந்தோணி மாமி வந்து இரண்டு முட்டை வைத்தார். “அவருக்குத் தெரியாமலா? ‘சேவியரு நல்ல காரியம் பண்ணிட்டு வந்துருக்கான், அவன ஒரு வேலைக்கும் கூப்புடாத’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாந்தான் அழுகையில தலைவர்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்.”

மாமி போன பிறகு ரெ.யிடம் சொன்னேன். பீலியில் சுள்ளென்றபோது மாமா நினைவு வரவில்லை. ஜூட்கூட வரவில்லை. ஐயோ, போச்சே என்றுதான் வந்தது. பயம். கால் நின்றது வலியால் இல்லை. எனக்கும் வேண்டும் என்பது அங்கேதான் எனக்கே தெரிந்தது.

“இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?” என்றாள். முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு இன்னும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

வானம் மப்பு. தண்ணீர் பிடிக்க ரெ. கிளம்பினாள். பழக்கத்தில் ஒரு குடத்தை எடுத்துவிட்டேன். பிடுங்கினாள். “வைங்க கீழ! ஆபரேஷன் பண்ண ஒடம்பு!”

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். பீலிக்குப் போன பெண்கள் நின்றார்கள். பேக்டரிப் பையன்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னா ஆபரேஷன் அக்கா?”

ரெ. என்னைப் பார்த்தாள்.

“புள்ளைக்கு” என்றேன்.