வீட்டுக்கு வந்த ரயில் பாஸ்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1934, புரட்டாசி

சிரஞ்சீவி சபாபதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை தனலெட்சுமியும் முருகன் புண்ணியத்தில் சுகம், நீயும் சிங்கப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்து எழுதுகிற பிள்ளை நாலு வரிதானா எழுதுவது, அதிலும் ஒரு வரி, பரீட்சையில் பாஸ் ஆகாமல் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த வீட்டில் பாஸ் என்றால் அது ஒன்றுதானா? அப்பா ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுப் பாஸ் என்பார், அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது. மெயில் வண்டி பாஸ் ஆயிடுச்சு, உங்க வீட்டுக்காரர் இப்ப வந்துடுவார் என்று அடுத்த வீட்டு இராஜம்மா சொன்னால்தான் நான் உலை வைப்பேன். பாஸ் பண்ணுடா என்று நீ திடலில் பந்துக்குக் கத்துவது அடுப்படி வரை கேட்கும், இப்போது வேறு பிள்ளைகள் கத்துகிறார்கள், நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். அப்பா வேலைக்காக ரயில்வே கொடுக்கிற இலவசக் குடும்பப் பாஸில் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கடல் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பரிசோதகர் கேட்டபோது, இதை வாங்கிட்டு எங்கம்மாவை இறக்கி விட்டுடுவீங்க என்று பாஸைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாய், வண்டியே சிரித்தது. அந்த நாளெல்லாம் எங்கே போச்சோ தெரியவில்லை.

நீ போனபிறகு வந்த பாஸை நாங்கள் தொடவில்லை. பிள்ளை இல்லாம என்ன குடும்பப் பாஸ் என்று நான் சொன்னேன், அப்பா அதை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் தை மாதம் உனக்கு இருபத்தொன்று முடிகிறது, அதற்குமேல் பாஸில் உன் பெயரை எழுத மாட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அப்பா ஆபீசுக்குப் போய், சிங்கப்பூர் போக மூணு பேர், திரும்பி வர நாலு பேர் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அப்படியெல்லாம் வழக்கமில்லையே என்றாராம் பாஸ் எழுதுகிற கிராணி. பையன் அங்க இருக்கான், கூட்டிக்கிட்டு வரணும் என்று சொல்லிவிட்டு இடத்தை விட்டு நகரவில்லையாம், யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுஷர். வாங்கி வந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டு அப்பாவும் அழுதார், நானும் அழுதேன்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குவோம். பரீட்சையைத் திரும்ப எழுது, எழுதாமல் இரு, உன் இஷ்டம், இங்கே ஒருவரும் கேட்க மாட்டோம். ஸ்டேஷனுக்கு மட்டும் வந்துவிடு. எண்ணெய் காணாத தலையோடு வந்தாலும் சரி. நீ வராவிட்டால் அப்பாவையும் தங்கையையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, உன் முகத்தைப் பார்க்கிறவரை நான் அந்தப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கமணி