வெளியே பேசாத கீபோர்டு

உசுருக்கு உசுரான என் மேரிக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நானேதான் டைப் அடிக்கிறேன். நம்பு. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட உன் செல்வி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, மூன்று நாளாக அடிக்கிறேன். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் சொல்வது உனக்கு.

நீ கண்ணை மூடி ஒரு வருசம் ஆகிவிட்டது. நம்ம தையல் கடை அதே தாடிக்கொம்பு ரோட்டில்தான் இருக்கிறது. உன் மிஷினில் நான் உட்கார்கிறேன். என் மிஷின் மேல் துணி குவிந்து கிடக்கிறது.

முன்னெல்லாம் எழுத்து வேலை உன்னுடையது, வெட்டித் தைப்பது என்னுடையது. உனக்கு மார்பில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜாக்கெட் தைத்தோம். லைனிங்குக்குள் ஒரு பை, பைக்குள் பஞ்சு வைத்த துணி. உள்பை ஜாக்கெட் என்று பெயர் வைத்ததும் நீதான். ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தனக்கும் ஒன்று கேட்டாள். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். அப்படியே கடைப் போனுக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. வீட்டில் மாமியார் இருப்பார், நாத்தனார் இருப்பாள், பேசினால் காதில் விழும். அதனால் அவர்கள் எழுதித்தான் கேட்பார்கள்.

கடைசியில் அந்தப் போனை என் கையில் வைத்து நீ என்ன சொன்னாய்? "என்னையப் பத்தி ஊருக்கே சொல்லிக்க செல்வி. இதுல எழுதுறவளுக பேரு மட்டும் உன் வாயிலருந்து வரக்கூடாது." நானும் தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு எழுத வராதே, அதை யோசித்தாயா அக்கா?

நீ போன பிறகும் மெசேஜ் வந்துகொண்டேதான் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன், பதில்தான் போட முடியவில்லை. போனில் இருந்த கீபோர்டில் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால்தான் தமிழ் வரும். எனக்கு இங்கிலீஷில் என் பேரே வராது. வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். கடையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது இடது பக்கமா வலது பக்கமா என்று போனைப் பார்த்துக் கத்தவா?

எங்க வீட்டுக்காரர் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். நல்ல மனுசன்தான். ஆனால் அவர் காதில் விழுந்தது எதுவாக இருந்தாலும் டீ ஆறுவதற்குள் டீக்கடைக்குப் போய்விடும். மாட்டேன் என்றேன். "ஜாக்கெட்டு அளவுல அப்படி என்னடி ராணுவ ரகசியம்" என்று கோபித்துக்கொண்டார். ராணுவந்தான் என்று சொல்லிவிட்டேன். இதற்குள் சில பேர் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பிறகு செல்போன் கடையில் பூப்போட்ட கீபோர்டு ஒன்று ஏற்றிக் கொடுத்தார்கள். அதில் தமிழ் எழுத்தே இருந்தது. ஒரு எழுத்தைத் தொட்டால் மேலே முழு வார்த்தையும் வந்து நிற்கும், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இம்புட்டுத்தானா என்று நினைத்தேன்.

ஒரு நாள் வேறொரு பெண் தைக்கக் கொடுக்க வந்தாள். அவள் பேரைப் பதிய முதல் எழுத்தைத் தொட்டேன். மேலே அதே எழுத்தில் தொடங்கும் இன்னொருத்தி பேர் வந்து நின்றது. தெரியாமல் அதில் விரல் பட்டுவிட்டது. அடுத்து "உள்பை", அதற்கு அடுத்து "இடது" என்று அதுவே வரிசை கட்டி நீட்டியது. வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இது எங்க தெருப் புள்ள பேராச்சே. உள்பைன்னா என்னாக்கா?"

சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பர்ஸ் வைக்கிற பை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்ப எனக்கும் ஒண்ணு வச்சுத் தைங்க. பஸ்ஸுல போனா இடுப்புல சொருகுனது நிக்க மாட்டேங்குது."

சிரிக்காதே அக்கா. அவளுக்கும் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப் அடிக்கும் கடையில் வேலை செய்கிறவளிடம் போனேன். பேரை எழுத மாட்டேன். உனக்குத் தெரியும், நீ தைத்துக் கொடுத்தவள்தான். அவள் போனை நோண்டிப் பார்த்தாள். பூப்போட்ட கீபோர்டு நெட்டுக்குப் போக அனுமதி வாங்கி வைத்திருந்தது. நாம் அடிப்பதில் எதை அனுப்பும், எங்கே அனுப்பும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளையாக, அலங்காரம் ஒன்றும் இல்லாத கீபோர்டை ஏற்றினாள். யார் யாரோ சேர்ந்து செய்து, எப்படிச் செய்தோம் என்பதையும் எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்களாம். நம் வேலையில் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினால் தையல் தெரியுமே, அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

"நீ திருப்பிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"எனக்கு அம்புட்டு அறிவு இல்லக்கா. தெரிஞ்சவங்க பாக்குறாங்க. ஆனா இது நெட்டு அனுமதியே கேக்கல, அத நானே பாத்தேன். அடிக்கிறது எதையும் ஞாபகம் வச்சுக்காதன்னும் வச்சுட்டேன். இனிமே ஒவ்வொரு எழுத்தும் நீங்கதான் அடிக்கணும்."

அங்கேதான் மாட்டினேன். பழனிப் பக்கத்திலிருந்து ஒருத்தி கடை எங்கே என்று கேட்டிருந்தாள். "தாடிக்" வரைக்கும் வந்துவிட்டது. "கொ" மட்டும் வரவில்லை. கையால் எழுதும்போது கொம்பைத்தானே முதலில் போடுவோம்? அப்படியே கொம்பை முதலில் தொட்டேன். புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வந்து கொம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அழித்தேன், தொட்டேன். மறுபடியும் வட்டம். போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வாழ்க்கைப்பட்டு வந்த ஊரின் பேரை எழுத முடியாமல் ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தேன், அக்கா.

மூன்றாம் நாள் வெறுத்துப்போய்ப் பேசாமல் "க" என்று மட்டும் தொட்டேன். பக்கத்தில் கொம்பும் காலும் நடுவில் இடம் விட்டு நிற்கிற ஒரு பட்டன். அதைத் தொட்டதும் கொம்பு தானாக முன்னால் போய் நின்றது, கால் பின்னால் நின்றது. நடுவில் "க". முதலில் எழுத்து, அப்புறம்தான் கொம்பு! அப்படியே "ரோ"வுக்கும் ரெட்டைக்கொம்பு போட்டு அனுப்பிவிட்டேன். கடையில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன்.

அந்தப் பழனிப் பக்கத்துக்காரி யாரிடமும் வழி கேட்காமல் நேரே கடை வாசலில் வந்து நின்றாள். கதவைச் சாத்தி அளவெடுத்தேன். அடுத்த வாரம் வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, ரெண்டும் ஒண்ணாட்டமே இருக்குதுங்க."

வரும்போது முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு வந்தவள், போகும்போது அதை மறந்தே போனாள். பஸ் ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்தாயா?

கேட்பதை நிறுத்தியவர்களுக்கும் நானே எழுதினேன். தப்பும் தவறுமாகத்தான். ஒருத்தி விடாமல் திரும்பி வந்தார்கள்.

இந்தப் போனுக்கு வருகிற ஒரு கேள்வியும் பதில் இல்லாமல் கிடக்காது, ஒருத்தியின் பேரும் என்னைத் தாண்டிப் போகாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இன்னும் நிறைய எழுத வேண்டும் என்று இருந்தேன். ஆனால் இப்போதுதான் ஒரு புது நம்பரிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. "அக்கா, ஒண்ணு கேக்கலாமா" என்று மட்டும் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி காத்திருக்கிறாள். உனக்கு அவசரம் இல்லை. அவளுக்கு முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் தாய் வயிற்றில் பிறக்காத தங்கச்சி,
செல்வி