நீங்கள் சொல்லாத பெயர்

அன்புள்ள அக்கா,

நேற்றுக் காலை ஹனோவருக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கில் என் பார்சல் வண்டியை நிறுத்தினேன். எனக்கு முன்னால் மரம் ஏற்றிய லொறி ஒன்று நின்றது. அன்றுதான் அறுத்திருப்பார்கள் போல. மழையில் நனைந்த ஊசியிலை மரங்களின் பிசின் மணம், பாதி இறக்கியிருந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. விளக்கு பச்சையானதும் லொறி போய்விட்டது. நான் போகவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இறுதிச் சடங்கன்று கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரோடும் கதைக்காமல் திரும்பி வந்தவன் நான். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

டாக்சி நிறுவனமொன்றின் அழைப்பு மேசையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தவர் நீங்கள். வண்டிகளோடு வானொலியில் கதைப்பதுதான் உங்கள் வேலை. எங்கள் இளையோர் குழுவின் பிள்ளைகளுக்கு அதைப் பழக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது பெற்றோர் கூட்டத்தில் சிரித்தார்கள். எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஃபோன் இருக்கிறதே என்றார் ஒருவர்.

“காட்டுக்குள்ள நெற்வேர்க் இல்லாட்டி அது வெறும் கண்ணாடித் துண்டு,” என்றீர்கள். அடுத்த மாதமே கையில் பிடித்துக் கதைக்கும் ஆறு வோக்கி-டோக்கிகள் வந்து சேர்ந்தன. அவற்றை சார்ஜ் பண்ணி வைப்பதும் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றிப் போவதும் என் பொறுப்பாயின.

சனிக்கிழமைகளில் வாடகை மண்டபத்தில் நீங்கள் நடத்திய வகுப்புகள் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒருவரை மண்டபத்தின் இந்த மூலையிலும் மற்றவரைப் படிக்கட்டுக்குக் கீழேயும் நிறுத்துவீர்கள். “யோசி, அமத்து, பொறு, கதை.” இந்த நான்கு சொல்லையும் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! பொத்தானை அமத்தியவுடன் கதைத்தால் முதற்சொல் போய்விடும், அதனால் ஒரு கணம் பொறுக்க வேண்டும். முடித்ததும், இனி நீ கதை என்பதற்கு, ‘கொம்மன்’ என்று ஜெர்மனில் சொல்லிக் கையை எடுக்க வேண்டும். நீண்ட குடும்பப் பெயர்களை “தேயோடோர், ஹைன்ரிஷ், ஆன்டோன்” என்று எழுத்துக்கொரு ஜெர்மன் பெயராகச் சொல்லப் பழக்கியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள்.

அந்த ஒக்டோபரில் ஹார்ட்ஸ் மலைக்குப் பயிற்சிக்குப் போனோம். பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று குழுக்கள், குழுவுக்கு ஒரு பெரியவர். மூன்றாவது குழுவில் என் மகள் ஆரணி இருந்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. அந்தக் குழுவின் வோக்கியை, அதே குழுவில் இருந்த மீரா என்ற பிள்ளையிடம் கொடுத்தீர்கள்.

“அந்தப் பிள்ளை வாயே திறக்காது, அவளிட்டயோ குடுக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

“வாய் திறக்காத பிள்ளை வடிவாக் கேக்கும் தம்பி.”

காற்று பின்னேரம்தான் பலக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. மதியத்துக்கே வந்துவிட்டது. அந்த மலையில் பூச்சி அரித்துக் காய்ந்துபோன மரங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. முதல் மரம் எங்கேயோ முறிந்த சத்தம் கேட்டதுமே நீங்கள் எல்லாரையும் திரும்பி வரச் சொன்னீர்கள். முதலாம், இரண்டாம் குழுக்கள், நீங்களும் நானும் மேசை போட்டிருந்த வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடி வந்தன. அவர்களுக்குப் போர்வை எடுக்க நான் வானடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது உங்கள் முகம் மாறியிருந்தது. மேசையில் இருந்த வோக்கிக்குள்ளால் மீராவின் குரல் உடைந்து உடைந்து வந்தது. “…மரம் விழுந்து… கால் கீழ மாட்டி…” அதோடு இரைச்சல்.

போர்வைகளைக் கீழே போட்டுவிட்டு வோக்கியைப் பறித்தேன். “ஆரணி! அப்பா கதைக்கிறன்! ஆரணி, கேக்குதோ? எங்க நிக்கிறாய்?”

பதில் இல்லை. எப்படி வரும்? நான் கையை எடுக்கவேயில்லையே. எத்தனை சனிக்கிழமை அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவன்! பொத்தானை அமத்தியபடியே அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தேன்.

“கையை எடும்,” என்றீர்கள். நான் எடுக்கவில்லை. நீங்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினீர்கள். “நீர் அமத்திக்கொண்டு நிண்டா பிள்ளையளுக்குக் கதைக்க ஏலாது.”

பிறகு, டாக்சிக்கு முகவரி சொல்லும் அதே குரலில், “மீரா, அன்ரி இங்கதான் இருக்கிறன். அவசரப்படாத. யோசி, அமத்து, பொறு, கதை. கொம்மன்,” என்றீர்கள்.

காற்று தரிப்பிடத்தின் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. பிறகு, சின்னக் குரலில், “அன்ரி, கேக்குது. கொம்மன்.”

நீங்கள் கேட்டவை எல்லாம் ஒற்றைக் கேள்விகள். முழிப்பா இருக்கிறாவோ? இரத்தம் ஓடுதோ? ஆர் பக்கத்தில? குழுவுக்குப் பெரியவராகக் கூடப் போன பல்கலைக்கழக மாணவி தன் இடுப்புப் பட்டியால் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பதாக மீரா சொன்னாள். கிட்ட எங்கேயாவது வெள்ளைச் சிலுவை போட்ட பச்சைப் பலகை இருக்கிறதா என்று கேட்டீர்கள். காட்டில் அந்தப் பலகையின் இலக்கத்தைச் சொன்னால் மீட்பு வண்டிக்கு இடம் தெரியும். மீரா ஓடிப்போய் வாசித்தாள். “காஃப்மான், ஆன்டோன், ஒன்பது, ஸ்வோ.”

ஜெர்மனில் இரண்டும் மூன்றும் வானொலியில் ஒரேமாதிரிக் கேட்கும். அதனால்தான் இரண்டை ‘ஸ்வை’ என்னாமல் ‘ஸ்வோ’ என்று சொல்லப் பழக்கியிருந்தீர்கள். வரைபடத்தில் தொண்ணூற்று மூன்றாவது பலகை பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் இருந்தது. தவறிக் கேட்டிருந்தால் வண்டி அங்கேதான் போயிருக்கும்; அதை நான் பார்த்தேன், அக்கா.

தரிப்பிடத்தில் நெற்வேர்க் இருந்ததால், நீங்கள் ஒரு கையில் ஃபோனும் மறுகையில் வோக்கியுமாக மீட்புச் சேவையோடு கதைத்தீர்கள்.

“ஆர் மாட்டினது? பேரைக் கேளுங்கோ,” என்றேன்.

“இப்ப அது தேவையில்லை.”

“என்ர பிள்ளையும் அங்க நிக்குது! பேரைக் கேளுங்கோ அக்கா!”

நான் காட்டுப் பாதைப் பக்கம் திரும்பியதும் நீங்கள் எழுந்து குறுக்கே வந்து நின்றீர்கள். என் தோளுயரம்கூட இல்லை நீங்கள். “மரம் விழுந்துகொண்டிருக்கு. நீர் போனா மீட்புக்காரர் ரெண்டு பேரைத் தூக்க வேணும். இங்க நில்லும்.”

அப்போதுதான் அதைச் சொன்னேன்.

“உங்களுக்குப் பிள்ளை இல்லை. அதாலதான் இப்பிடி நிக்க ஏலுது.”

இரண்டு குழுப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். உங்கள் கண் ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு வோக்கியை வாயருகே கொண்டுபோய், ஒரு கணம் பொறுத்து, “மீரா, வண்டி வெளிக்கிட்டிட்டுது. அவவோட கதைச்சுக்கொண்டே இரு, நித்திரை கொள்ள விடாத. கொம்மன்,” என்றீர்கள். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

நாற்பது நிமிடம் அந்த மேசையடியில் நின்றேன். தூக்குப் படுக்கையில் கட்டி இறக்கிக்கொண்டு வந்தது ஆரணியை.

இரண்டு சத்திரசிகிச்சை. இன்னும் ஒரு மணித்தியாலம் அந்த மழையிலும் குளிரிலும் கிடந்திருந்தால் நிலைமை வேறு என்று வைத்தியர் சொன்னார். ஆனால் எனக்குள் தங்கியது அதுவல்ல. மருத்துவமனையில் வைத்து மீரா சொன்னதுதான் தங்கியது. “நான் முதலே பேர் சொல்லிட்டன் மாமா. நீங்கள் அப்ப வானடியில நிண்டனீங்கள். அன்ரிக்குத் தெரியும்.”

அந்த நாற்பது நிமிடமும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் பக்கத்தில் நின்றுகொண்டு, தெரியாதவர்போல மறைத்திருக்கிறீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க உங்களோடு கதைக்கவில்லை. வோக்கிப் பெட்டியை வேறொருவர் மூலம் அனுப்பிவைத்தேன். நீங்கள் எனக்கு எடுத்த அழைப்புகளுக்கும் பதில் சொல்லவில்லை.

உங்களுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு வந்தபோது நீங்கள் மெலிந்து, கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். ஆரணியின் காலைப் பற்றி விசாரித்தீர்கள். மாடிப்படி ஏறுகிறாள் என்றேன். பிறகு கேட்டீர்கள்:

“அண்டைக்கு நான் பேரைச் சொல்லியிருந்தா, போயிருப்பீரோ?”

“இல்லை அக்கா. நீங்கள் நில்லெண்டா நிண்டிருப்பன்.”

“சரி,” என்றீர்கள். நம்பினீர்களோ தெரியாது. ‘பிள்ளை இல்லை’ என்று நான் உங்களுக்குச் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் வாயெடுக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அது பொய், அக்கா. நான் ஓடியிருப்பேன். உங்களைத் தள்ளி விழுத்திவிட்டாவது ஓடியிருப்பேன். அதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிந்திருந்தீர்கள்.

நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் ஆரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வார்த்தையையும். பிறகு, அவள் மருத்துவமனையில் கிடந்த வாரங்களில் நான் வேலையில் நிற்கும் நேரம் பார்த்து, செவ்வாய்க்கிழமை தோறும் நீங்கள் வந்து போனதைச் சொன்னாள். தலை இழுத்து வாரி விட்டீர்களாம். பள்ளிக்கூடக் கணக்குகளைச் சேர்ந்து செய்தீர்களாம். உங்களிடம் அவள் ஒருநாள் கேட்டாளாம், அப்பாவுக்கு உங்களோடு என்ன கோபம் என்று.

“என்ன சொன்னவா?” என்று கேட்டேன்.

“‘அப்பா நல்லாப் பயந்திட்டார், அவ்வளவுதான்’ எண்டு சொன்னவா.”

அதற்கு மேல் நீங்கள் அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லை. இப்போது சனிக்கிழமைகளில், வாடகை மண்டபத்தில் நீங்கள் இருந்த இடத்தில் நான் இருக்கிறேன். பிள்ளைகள் மண்டபத்து மூலைகளிலிருந்து கூப்பிடுகிறார்கள், நான் பதில் சொல்கிறேன். என் மகளின் காதுக்குப் போகாமல் நீங்கள் எனக்காக மறைத்து வைத்திருந்த அந்த வார்த்தை, ஒவ்வொரு தடவை நான் பொத்தானைத் தொடும்போதும் முதலில் என் வாய்க்கு வருகிறது. அது அடங்கும்வரை பொறுத்துவிட்டுத்தான் கதைக்கிறேன்.

உங்கள் தம்பி