ஜெனியை ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டி

மார்ச் 21, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மாவு அரைக்க வேண்டும்.

துணி காயப்போடும்போது அருள் போன் செய்தான். விசா வந்துவிட்டதாம். அவனுக்கு, செல்விக்கு, ஜெனிக்கு, மூன்று பேருக்கும். அடுத்த சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு மஸ்கட் விமானம்.

"அக்கா, ஒரு ஹெல்ப். ஜெனி கேப்ல ஏறினாலே வாந்தி எடுக்கறா. ஜெயாம்மா வண்டிலதான் ஏர்போர்ட்டு போவேன்னு ஒரே அடம். வண்டி ஓடுதில்லக்கா?"

"ஓடுதே. ஏன் ஓடாம? வந்துடறோம்."

பொய். அக்டோபரில் ஜெனி ஊர்க்கோடி ஆனேக்கலுக்குப் போன நாளிலிருந்து வண்டி கேட்டைத் தாண்டவில்லை. யாருக்காகத் தாண்ட வேண்டும்?

ஐந்து வருடம். மாடி வீட்டில் குடியிருந்த அருளின் மனைவி ஸ்டெல்லா காய்ச்சலில் போனபோது ஜெனிக்கு மூன்றரை வயது. அருளுக்கு மஸ்கட்டில் வேலை. "கொஞ்ச நாள் பாத்துக்கோங்கக்கா" என்று என் மடியில் உட்காரவைத்துவிட்டுப் போனான். வருடத்துக்கு ஒரு முறை வந்து பார்த்தான். போன அக்டோபரில் செல்வியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து, புது விசா வரும்வரை ஆனேக்கலில் இருக்கலாமென்று இவளைக் கூட்டிப்போனான். பெற்ற அப்பன். நல்லவன்தான். நான் என்ன கேட்க முடியும்?

மூன்று வரிசை சீட் உள்ள எங்கள் டீசல் வண்டிக்குப் பதினான்கு வயது. வியாதிகள்:

1. ஒரு ராத்திரி நின்றால் காலையில் ஸ்டார்ட் ஆகாது.
2. நெரிசலில் மாட்டினால் டெம்பரேச்சர் ஊசி சிவப்புக்குப் போகும்.
3. முன் இடது சக்கரத்தில் டொக் டொக். (இதற்கு நேரமில்லை. டொக்கட்டும்.)

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெயர் குமரேசன், நோட்டில் எப்போதும் கு. தான். நாள் முழுக்க சிட்டி பஸ் ஓட்டுகிறவர், வீட்டில் எஞ்சின் பக்கமே திரும்ப மாட்டார். பானெட்டைத் திறப்பது என் வேலை. பாலிடெக்னிக் எலெக்ட்ரிகல் லேபில் இருபது வருடம் மீட்டரும் கையுமாக நின்ற பழக்கம்.

"விடு ஜெயா. வேற எதுனா பெரிய வண்டியா புக் பண்ணிக்குவாங்க" என்றார். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

லேப் சார்ஜரில் பேட்டரியை நேற்றே போட்டிருந்தேன். 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.5. நல்ல பேட்டரி. செல்ஃப் மோட்டாரும் வேகமாகவே சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் எழுந்திருக்கவில்லை. கரண்ட் கோளாறாக இருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். என் துறை இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் அவமானம்.

டீசல் ஃபில்டர் மேலே உள்ள கை பம்ப்பை இருபது தடவை அமுக்கினேன். உடனே ஸ்டார்ட்! ஆக, வண்டி நிற்கும்போது டீசல் டேங்குக்கே திரும்பிப் போகிறது. எங்கோ காற்று வாங்குகிறது.

ஃபில்டரைத் தாண்டி ஒரு முழம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய் மாட்டிப் பார்த்தேன். டீசலோடு சரம் சரமாகக் குமிழ்கள். சரி. எங்கிருந்து?

நடு சீட்டைத் தூக்கினேன். ஸ்பானர் உருண்டு போயிருந்தது. கிடைத்தவை: ஹேர் கிளிப் 2, ஒற்றை சாக்ஸ், பாதி தின்ற கடலை மிட்டாய், இரண்டாம் வகுப்பு கன்னட எழுத்து நோட்டின் ஒரு பக்கம். ஞ வரிசை. ஒவ்வொன்றுக்கும் வால் நீளம். அதே இடத்தில் வைத்து சீட்டைப் போட்டு மூடினேன். ஸ்பானரையும் சேர்த்து மூடிவிட்டேன், மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 23, திங்கள்

லேபில் ஃபைனல் இயர் பசங்களின் ரெக்கார்டு திருத்தம். மத்தியானம் வீடியோ கால். ஜெனி.

"ஜெயாம்மா, அங்க மழையே பெய்யாதாம். ஸ்கூல் பஸ்லகூட ஏசியாம்."

"அப்போ உனக்கு வாந்தி வருமே."

"அப்பா மாத்திர வாங்கித் தருவாரு." திரும்பி யாரிடமோ, "அம்மா, அந்த நீல பேக எடுங்க, ஜெயாம்மாக்கு காட்டணும்."

அம்மா என்றாள் செல்வியை. நான் கேட்பது இதுதான் முதல் தடவை. சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால்தான் நான் கவலைப்பட வேண்டும். பை நன்றாக இருக்கிறது என்றேன். ஜிப் பெரிது.

சாயங்காலம் ஃபில்டரின் ரப்பர் வளையம் மாற்றினேன். குமிழ் நிற்கவில்லை. டேங்கிலிருந்து வரும் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனேன். கிளிப்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முடி அளவு வெடிப்பு. டீசல் வெளியே கசியவில்லை. காற்று மட்டும் உள்ளே போயிருக்கிறது. ஹோஸை மாற்றினேன். குழாயில் டீசல் சுத்தமாக, ஆடாமல்.

கையை மூன்று முறை கழுவியும் சாம்பாரில் டீசல் வாசனை. கு. இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 24, செவ்வாய்

காலை 6.40. ஒரே அடியில் ஸ்டார்ட்.

கை தட்டினேன், தனியாக. பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு கோளாறுதான் பாக்கி. அதை அப்படியே விட்டால்? "வண்டி சூடாகுது, ரிஸ்க் வேணாம் அருள்" என்று ஒரு போன். அப்புறம்? விமானம் நிற்குமா? வேறு வண்டியில் வாந்தி எடுத்துக்கொண்டே போவாள். போகத்தான் போவாள்.

இருந்தாலும் இன்று முழுக்க பானெட்டைத் திறக்கவில்லை. பேன்ட்ரி அலமாரியைத் துடைத்தேன்.

மார்ச் 25, புதன்

அரை நாள் லீவு. வண்டியை ஸ்டார்ட்டில் விட்டு ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் நடுவைத் தாண்டியது. ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடு, தண்ணீர் ஓடுகிறது. ஆறின பிறகு மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தும் பார்த்தேன், குமிழ் இல்லை. எஞ்சினையே பிரிக்க வைக்கும் ஹெட் கேஸ்கெட் தப்பித்தது. அது போயிருந்தால் அழுதிருப்பேன், அல்லது சிரித்திருப்பேன்.

மறுபடி சூடாக்கி, எஞ்சினை அணைத்து, ஃபேனைக் கையால் சுழற்றினேன். ராட்டினம் மாதிரி ஐந்து சுற்று! சூட்டில் அது இறுக்கிப் பிடிக்க வேண்டும். பின்னால் ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கில் எண்ணெய் வழிந்த கறை. கண்டுபிடித்தாயிற்று.

சிவாஜிநகர் பார்ட்ஸ் கடை. ரஹீம் பாய் கப்ளிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களே கழட்டினீங்களாக்கா? ஷாபாஷ். ஆனா ஸ்டாக் இல்லியே. சென்னைலருந்து ஞாயித்துக்கெழமதான் வரும்."

"சனிக்கெழம காலைல வேணும் பாய்."

"பழைய மாடலு அக்கா. நானு என்ன பண்ணட்டும்?"

அல்சூர் ஏரி ஓரமாக நடந்தே வந்தேன். மனதில் ஒரு மூலையில் நிம்மதி. அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? என் தப்பு இல்லை, பார்ட்ஸ் இல்லை, நான் என்ன செய்ய. அந்த நிம்மதியை நினைத்து வீடு வரைக்கும் வெட்கம்.

கு.விடம் சொன்னேன். "ம்" என்றார்.

மார்ச் 26, வியாழன்

லேப் சீக்கிரம் முடிந்து வந்தால், மத்தியானம் மூன்றரைக்கே கு. வீட்டில். டியூட்டி நேரம். உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். பிரித்தால் ஃபேன் கப்ளிங்!

"எங்க கெடச்சுது?"

"கெங்கேரி பக்கம். பழைய வண்டி ஒடைக்கற யார்டு. இதே மாடலு, பின்னாடி அடிபட்டது. முன்னாடி நல்லாருந்துச்சு. சூடு காட்டிப் பாத்துட்டுதான் வாங்கினேன்."

"டியூட்டி?"

"மாத்திக்கினேன்."

சட்டையைக் கழற்றிவிட்டு அவரே வந்து புல்லியைப் பிடித்துக்கொண்டார். நான் போல்ட் முடுக்கினேன். கல்யாணமாகி இருபத்தி மூன்று வருடத்தில் இருவரும் ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டது இதுவே முதல் தடவை. நாலாவது போல்ட்டில் பேச ஆரம்பித்தார். என்னைப் பார்த்து அல்ல, ரேடியேட்டரைப் பார்த்து.

"நவம்பர்ல என்னை ஆனேக்கல் ரூட்டுக்குப் போட்டாங்கன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"யாரும் போடல. நானாத்தான் கேட்டு வாங்கினேன்."

"எதுக்கு?"

"மூணே முக்காலுக்கு அவ ஸ்கூலு விடும். அந்த கேட்டத் தாண்டித்தான் நம்ம பஸ்சு போவும்."

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"பாத்தீங்களா?"

"ஏழெட்டு வாட்டி. ஒரு நாளு ஐஸ் தின்னுக்கினு நின்னா. எளச்சுட்டாளோன்னு நெனச்சேன். இல்ல, ஒசரமாயிட்டா."

"ஒரு ஹார்ன் அடிச்சிருக்கலாமே."

"அடிச்சா ஓடியாருவா. வந்தா நான் என்ன பண்றது? ஏத்திக்கினு வந்துடவா?"

ஐந்து மாதமாக இந்த வீட்டில் நான் மட்டும்தான் ஏங்குகிறேன் என்று நினைத்திருந்தேன். டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் மேல் எவ்வளவு கோபம். எத்தனை நாள் பேசாமல் தட்டை வைத்திருக்கிறேன்.

"கடைசி போல்ட்ட முடுக்கு" என்றார். முடுக்கினேன்.

மார்ச் 27, வெள்ளி

சாயங்கால ஆபீஸ் நெரிசலில் வேண்டுமென்றே ஹெப்பாள் மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஏசி போட்டு. முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. ஊசி நடுவிலேயே. ஃபேன் பழையபடி ஹூங்காரம் போடுகிறது.

"புடிக்குது" என்றார் கு.

"புடிக்குது."

திரும்பி வந்து அவர் வண்டியைக் கழுவினார். எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தேன். கோடை லீவுக்கு அனுப்புவாயா என்று அருளைக் கேட்கலாமா? ஏழு தடவை யோசித்தேன். கேட்கக் கூடாது. அவனால் இல்லை என்று சொல்ல முடியாது, அதனாலேயே.

மார்ச் 28, சனி

மணி நாலு. வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். வரிசையாக எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். ஒரே அடியில் ஸ்டார்ட். ஆனேக்கலில் ஜெனி வாசலிலேயே நின்றாள், ஷூ போட்டு. முன் பல் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முதன்முதலில் என்னிடம் வந்தபோது தொடை உயரம்தான் இருந்தாள்.

ஐந்து பெட்டி. அருளும் கு.வும் ஏற்றினார்கள். நான் ஓட்டினேன், கு. பக்கத்தில். செல்வி நடு சீட்டில் ஜெனிக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு, அவள் தலைமுடி பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். சில்க் போர்டு வரை கை எடுக்கவில்லை.

சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நாற்பது நிமிடம். ஊசி அசையவில்லை. அப்போதுதான் ஜெனி கேட்டாள்:

"மாமா, நீங்க எங்க ஸ்கூல் வழியா பஸ் ஓட்டறீங்கல்ல? நான் பாத்துருக்கேன். கை காட்டுவேன். நீங்க ரோட்டையே பாத்துட்டு போவீங்க."

"டிரைவரு ரோட்டத்தானே பாக்கணும் கண்ணு" என்றார். அப்புறம் இடது பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தவர், ஹெப்பாள் தாண்டும்வரை திரும்பவில்லை.

ஏர்போர்ட் வாசலில் நிற்க விடுவதில்லை. "மேடம், காடி தெகீரி, பேக பேக" என்று கன்னடத்தில் வண்டியைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி விசில் ஊதி விரட்டுகிறான் காவலாளி. பெட்டிகளை இறக்கவே நேரம் போய்விட்டது. என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். "நெறைய தண்ணி குடி" என்றேன்.

ஜெனி சொன்னாள்: "ஜெயாம்மா, வாந்தியே வரல பாத்தீங்களா."

அருள் என் கையைப் பிடித்தான். கண்ணாடிக் கதவுக்குள் போகும்வரை ஜெனி கை காட்டினாள். கு. இந்தத் தடவை திருப்பிக் காட்டினார். இரண்டு கையாலும். விசில்காரன் கத்திக்கொண்டே இருந்தான்.

வரும்போது கு. ஓட்டினார்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. தெருவெல்லாம் ஓலையோடு பிள்ளைகள். போய்ச் சேர்ந்ததாக அருள் மெசேஜ். மாவு புளித்துவிட்டது. கு. பத்து மணி வரை படுத்திருந்தார். நானும் எழுப்பவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மேகமூட்டம். மத்தியானம் செல்வி கூப்பிட்டாள், அவளாக, முதல் தடவை. குரலை அடக்கிப் பேசினாள்.

"அக்கா, இவருக்கு நைட் ஷிஃப்ட்டு போட்டுட்டாங்க. ஆனேக்கல்ல இருந்தப்ப அப்பா பக்கத்துல படுத்துத்தான் தூங்குவா. ரெண்டு நாளா கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு இருக்கா. நான் என்னா பண்ணாலும் தூங்க மாட்டேங்கறா. நீங்க எப்பிடிக்கா தூங்க வைப்பீங்க?"

அழுதிருக்கிறாள், கேட்டாலே தெரிகிறது.

சொன்னேன். விளக்கை முழுக்க அணைக்காதே. ஃபேன் சத்தம் வேண்டும் அவளுக்கு. பால் வேண்டாம், வெந்நீர் போதும். சுவர்ப் பக்கம் படுக்கவிடு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், பேனா சத்தம் கேட்டது. "தேங்க்ஸ்க்கா, தேங்க்ஸ்க்கா" என்றாள்.

இடது காது மடலை இரண்டு விரலால் மெதுவாக நீவிவிட்டால் ஐந்தாவது நிமிடம் தூங்கிப்போவாள். அதை மட்டும் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.