முப்பத்தேழு இல்லாத பாதை

ஜூன் 10, 2025, செவ்வாய்

கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. இன்வெர்ட்டர் இருந்ததால் பிழைத்தேன். இன்றும் முழுக்கக் காளியண்ணன் கேஸ்தான். சேந்தமங்கலத்து மனுஷர், கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரிப்டோவில் போட்டால் இரட்டிப்பாகும் என்று எவளோ வாட்ஸப்பில் குழைந்து பேசியதை நம்பி, இருபத்து மூன்று லட்சத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அது வாலட் என்கிற கிரிப்டோ கணக்குகள் நாற்பது மாறி, கடைசியில் ஒரு பெரிய வாலட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. மோசடிக் கும்பலின் கல்லாப்பெட்டி.

பிளாக்செயின் என்கிற பொதுப் பேரேட்டில் யார் வேண்டுமானாலும் இதைப் பார்க்கலாம். எங்கிருந்து எங்கே, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எல்லாம் தெரியும், ஆள் பெயர் மட்டும் இருக்காது. பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு சின்ன உறுத்தல். அந்தக் கல்லாவிலிருந்து தினமும் காலை ஆறு பத்துக்கு ஒரு பொடித் தொகை வெளியே போகிறது. முதல் நாள் 1.70 டாலர், மறுநாள் 2.70, பிறகு 3.70. இன்று 8.70. கோடிகள் புரளும் இடத்தில் இந்தப் பிச்சைக்காசு எதற்கு? போய்ச் சேரும் வாலட்டும் புத்தம் புதிது.

ஜூன் 13

11.70. ஏதோ புரோகிராம் போட்டு அனுப்புகிறார்கள் என்று நேற்று கேஸ் குறிப்பில் எழுதி வைத்தேன். இன்று விநாடிகளைப் பார்த்தேன். ஒரு நாள் நான்கு விநாடி முன்னால், ஒரு நாள் பதினொன்று பின்னால். புரோகிராம் அப்படித் தடுமாறாது. யாரோ விரலால் அழுத்துகிறார்கள்.

ஏனோ எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்கு வந்ததும் டைரியைத்தான் எடுத்தேன்.

கொல்லிமலை மேலே வாழவந்தி நாட்டில் சின்னக்கண்ணு அண்ணன் மகள் கல்யாணம். அப்பா வேனில் சேலை ஏற்றிக்கொண்டு போய் விற்ற காலத்திலிருந்து பழகிய குடும்பம். அம்மா வரவில்லை. அப்பா போன பிறகு அவள் அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. பதினாறு வருஷம்.

பஸ்ஸில் ஜன்னலோரம். பனி. வளைவுப் பலகைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. 11/70. 12/70. அடுத்த பலகை வந்தபோது என் தலைக்குள் ஏதோ நின்றுபோனது. 13/70. காலையில் நான் பார்த்த தொகை 13.70.

நாளுக்கு ஒரு வளைவு. யாரோ ஏறி வருகிறார்கள்.

ரமீஸ்?

ஜூன் 16

நிதானமாக எழுதுகிறேன். என் தம்பி ரமீஸ் 2023 அக்டோபரில் பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று போனான். அங்கிருந்து எல்லை தாண்டி எங்கோ கொண்டுபோய், மற்றவர்களை ஏமாற்றும் வேலையில் அடைத்துவிட்டார்கள். கடைசியாகப் பேசியது 2024 பிப்ரவரியில். 'அக்கா, போனைப் பிடுங்கிடுவாங்க, அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிரு' என்றான். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. புகார் கொடுத்த இடங்களில் எல்லாம் பார்க்கிறோம் என்றார்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். கும்பலின் கல்லாவில் அவனுக்குக் கை எட்டுகிறது என்றால், போன் இல்லாதவன், கடிதம் போட முடியாதவன், உலகமே பார்க்கும் அந்த ஒரு இடத்தில்தானே எழுதுவான்?

அல்லது எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? எண்கள் வரிசையாகத்தான் வரும். எழுபது சென்ட் தற்செயலாக இருக்கலாம். கொல்லிமலை வளைவு எழுபது என்பது கூகுளுக்குக் கூடத் தெரியும்.

ஒரு சோதனை இருக்கிறது. காத்திருக்க வேண்டும்.

ஜூன் 28

26.70. சாயங்காலம் கொல்லைப்பக்கம் நின்று மலையைப் பார்த்தேன். வண்டி விளக்கு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் மறைந்தது, மேலே தெரியவே இல்லை. ரொம்ப நேரம் நின்றேன். ஏதாவது கடையில் நிறுத்தியிருப்பார்கள். அந்த இடத்தில் கடை ஏது?

ஜூலை 8

36.70.

நாளைக்குத் தெரிந்துவிடும். அப்பாவின் வேன் உருண்டது முப்பத்தேழாவது வளைவில். அந்த எண்ணை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. இங்கே எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. கடையில் அந்தத் தொகை வந்தால் அம்மா நாற்பதைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்துவிடுவாள். ரமீஸுக்குப் பள்ளியில் அந்த வரிசை எண் வந்தபோது போய்ச் சண்டை போட்டு மாற்றினாள். பஸ்ஸில் வளைவு எண்ணி விளையாடினால் நானும் அவனும் முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று தாண்டிவிடுவோம்.

நாளை அந்த எண் வந்தால், அது வேறு எவனோ.

ஜூலை 9, புதன்

38.70.

தாண்டிவிட்டான். தாண்டிட்டான்டா என் தம்பி. உயிரோட இருக்கான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? அடக்க முடியவில்லை. விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. "அப்ப இன்னும் முப்பத்திரண்டு வளைவு இருக்குது," என்றாள். எழுந்து போய் அவனுடைய தலையணை உறையைத் துவைக்கப் போட்டாள்.

ஜூலை 11

40.70. அம்மா இப்போது ஆறு பத்துக்கு வாசல் கதவைத் திறந்து வைக்கிறாள். "இன்னிக்கு எத்தனாவது வளைவு கண்ணு?" சொன்னதும் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பார்க்கிற பார்வையில், நிஜமாகவே அங்கே ஒருவன் நடந்து வருகிற மாதிரி எனக்கும் தோன்றுகிறது. பயமாகவும் இருக்கிறது. நடந்து வருகிறவன் ஏன் நாளுக்கு ஒரு வளைவுதான் ஏறுகிறான்?

ஜூலை 12

மேலதிகாரி கோகிலா மேடம் பெங்களூர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். இருபதாம் தேதிக்குள் ரிப்போர்ட் வேண்டுமாம். "அந்தக் கல்லா வாலட்டைக் கண்டுபிடிச்சு ஒரு மாசம் ஆச்சு உமைரா. அப்புறம் என்ன தயக்கம்?"

தயக்கம் இதுதான். ரிப்போர்ட் போனால் வாலட்டை முடக்கிவிடுவார்கள். கும்பல் உடனே யார் காட்டிக் கொடுத்தது என்று கணக்கைத் துருவும். தினமும் வெளியே போன பொடித் தொகை கண்ணில் படும். அதை அழுத்திய விரல் யாருடையதென்று தேடுவார்கள்.

ரிப்போர்ட் போகாவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் பணம் வேறெங்காவது போய்விடும். காளியண்ணன் வாரம் தவறாமல் போன் செய்கிறார். "ஏனுங்க, எம் பணம் இன்னும் அங்கயே தானுங்க இருக்குது?" இருக்குதுங்க என்றேன். "நீங்க பாத்துக்கிட்டா போதுமுங்க," என்றார். அந்த மனுஷன் என்னைத் திட்டினால்கூடத் தேவலை.

ஜூலை 14

43.70.

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

பின்தொடர்கிற வாலட்டைத் தொடவே கூடாது. இந்த வேலையில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். நாம் அவர்களைப் பார்க்கிற அதே ஜன்னல் வழியாக அவர்களும் நம்மைப் பார்க்கலாம்.

மத்தியானம் என் சொந்த வாலட்டிலிருந்து அந்தப் பொடித் தொகை சேரும் வாலட்டுக்கு 70.70 அனுப்பினேன். உச்சியில் நிற்கிறேன், வா என்று. அவனுக்கு ஒரு பதில்கூடச் சொல்லாமல் எப்படி இருப்பது? நாற்பது நாளாகத் தனியாக ஏறி வருகிறான்.

ஜூலை 15

வரவில்லை. அம்மா கேட்டாள். நாற்பத்து நான்கு என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 16

இல்லை.

ஜூலை 17

இல்லை. என்னடி பண்ணி வெச்சிருக்க. என்ன பண்ணி வெச்சிருக்க.

ஜூலை 19, சனி

காலை ஆறு பத்து. வந்தது. வழக்கமான இடத்துக்கு அல்ல, என் வாலட்டுக்கு.

37.70.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எவனோ உட்கார்ந்து பழைய தொகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறான். ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை. நடுவில் ஒன்று விட்டுப்போயிருப்பதைக் கவனித்திருக்கிறான். விட்டதைப் பொறுப்பாக நிரப்பியிருக்கிறான், நான் நம்ப வேண்டும் என்று.

அம்மா வாசலிலிருந்து கேட்டாள். நாற்பத்தெட்டு என்றேன்.

அதே நாள், மாலை

வேறு மாதிரியும் யோசித்துப் பார்க்கிறேன். ரமீஸை உட்கார வைத்து, இது என்ன வரிசை, அடுத்தது என்ன என்று கேட்டிருந்தால்? ஒன்று விட்டுப்போச்சு, அதைப் போடுங்க என்று அவனேதான் சொன்னானோ? அந்த எண்ணைப் பார்த்ததும் இது நான் இல்லை, ஓடிப்போ அக்கா என்று எனக்குப் புரியும் என்பதற்காக?

அப்படியானால் இன்று காலை வரை அவன் இருந்தான். இப்படி நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நிஜம் என்னவென்று எந்தப் பிளாக்செயினிலும் இல்லை.

ஜூலை 20

44.70, 45.70, 46.70. மூன்றும் ஒரே நிமிடத்தில், என் வாலட்டுக்கு. பொறுமை இல்லாதவன். என் பெயரும் போன் நம்பரும் கொடுத்துத் திறந்த கணக்கு அது. மூடிவிட்டேன். கோகிலா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீயே அனுப்பறியா, நான் அனுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

நானே அனுப்பினேன். மத்தியானம் மூன்று மணிக்கு ரிப்போர்ட் போனது.

ஜூலை 24

வாலட்டை முடக்கிவிட்டார்கள். காளியண்ணன் போனில் அழுதார். முழுசாக வராது, வருஷக்கணக்கு ஆகலாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "உங்க குடும்பம் நல்லா இருக்கோணுமுங்க," என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து அதன் பிறகு எதுவுமே வரவில்லை. ஆறு பத்துக்கு இன்னும் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மாவிடம் அறுபத்தொன்று சொன்னேன். பக்கத்து வீட்டு ஷாஹிஸ்தா அக்காவிடம் 'பையன் வந்துக்கிட்டே இருக்கான்' என்று சொல்லியிருக்கிறாள். அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை. தினமும் ராத்திரி நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று படுக்கிறேன். காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் அடுத்த எண்ணைச் சொல்கிறேன். கும்பல்காரன் இரண்டு நாளில் விட்டுவிட்ட வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

அறுபத்தொன்பது.

அம்மா கூடையை எடுத்து வைத்துவிட்டாள். அவனுடைய நீலச் சட்டை, துண்டு, தூக்குப் பாத்திரம். காலையில் பிரியாணிக்கு அரிசி ஊற வைக்கப் போகிறாளாம்.

"நாளைக்கு நானும் மேல வாரேன் கண்ணு. எழுபதுல எறங்கி நின்னுக்கலாம். நம்மளக் காணாம அவன் எங்க போவான்?"

சொல்லிவிடு, இப்பவே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வளைவு வரப்ப நான் கண்ண மூடிக்கிறேன். தாண்டுனதும் நீ சொல்லு."

சரிம்மா என்றேன்.