அடையாறிலிருந்து வந்த போன்

கே.கே. நகர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கரீமுல்லா மாமாவுக்கு,

கீழ்வீட்டு கீர்த்தி எழுதுகிறேன். வாணியம்பாடியில் கல்யாண வேலையெல்லாம் நல்லபடி நடக்கிறதா? இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. எனக்குக் காய்ச்சல் இல்லை, வெட்கம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். நேற்று அப்பா உங்களைக் கூப்பிட்டார். “அப்பா குரலும் வருதா, கில்லாடிமா நீ” என்று சிரித்து வைத்துவிட்டீர்கள். அவர் நிஜ அப்பா, மாமா. போன மாதம் அவர் போனில், அவர் குரலில் பிரியாணி கேட்டதுதான் நான்.

நீங்கள் வயிற்று வலிக்கு அடையாறு ஆஸ்பத்திரியில் காட்டியபோது ஆராய்ச்சிக்கென்றும் ரத்தம் எடுத்தார்கள் அல்லவா? அங்கிருந்து போன் வந்ததும் படியிறங்கி வந்து என்னைப் பாராட்டினீர்கள். “இன்னாமா, இந்த தபா டாக்டரம்மாவா? ஆர்.என்.ஏ. ஏறிகீது, உடனே வாங்கன்றே. டாப்பு.”

நான் அந்தப் போனைச் செய்யவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் கீர்த்தி என்றால் சும்மாவா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். செய்யாத சேட்டைக்குக் கிடைத்த கைதட்டலை விட மனசு வரவில்லை. வாய்க்கு ஓவர்டைம், மூளைக்கு லீவு. வேறு யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன் என எழுதலாம். நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

நேற்று அந்த டாக்டர் ஜெயஸ்ரீயே தேடி வந்துவிட்டார். உங்கள் வீடு பூட்டியிருந்ததால் எங்கள் கதவைத் தட்டினார். எத்தனை தடவை கூப்பிட்டாலும் “போதும் கீர்த்தி” என்று நீங்கள் வைத்துவிடுகிறீர்களாம். யார் அந்தக் கீர்த்தி என்று கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு அறை தேவலை.

உங்கள் ரிப்போர்ட் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆர்.என்.ஏ. என்றால் என்ன என்று நான்தான் கேட்டேன். சில வகை ஆர்.என்.ஏ. புரதம் எதையும் உண்டாக்காதாம். சும்மா கிடக்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்களாம். ஆனால் புற்றுநோய் தொடங்கினால் ரத்தத்தில் அதன் அளவு மாறக்கூடுமாம். அதை அடக்கும் மருந்துகளும் சோதனையில் இருக்கின்றனவாம். அளவு மாறியதாலேயே நோய் என்று ஆகிவிடாது, குழாய் விட்டு உள்ளே பார்த்தால்தான் நிச்சயம் தெரியும் என்றார். தள்ளிப்போடத்தான் கூடாதாம்.

கல்யாணம் நடக்கும் உங்கள் தம்பி வீட்டு நம்பர் எங்களிடம் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் விலாசம் மட்டும் இருந்தது. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். அப்பாவும் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

என்னை மன்னிக்க வேண்டாம், மாமா. பிறகு ஆற அமரத் திட்டுங்கள். டாக்டரின் விசிட்டிங் கார்டை உள்ளே வைத்திருக்கிறேன். அந்த நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். அங்கே எடுப்பது நானாக இருக்க முடியாது.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
கீர்த்தி